வெங்காயத்துக்குப் பச்சை டிக்

கழுகம்மா என்பது ஆபீஸில் வைத்த பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்ததுதான் என்றாலும், நாலே பேர் உட்காரும் மாடி அறையில் முதுகு என்று தனியாக எதுவும் கிடையாது. வைத்த மறுநாளே அவள் காதுக்கு வந்துவிட்டது. கோபம் வரவில்லை. கோபப்பட என்ன இருக்கிறது, கழுகுக் கண் என்றால் பாராட்டுதானே. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, அந்தக் கோடியில் இருக்கும் திரையைப் பார்த்து, "நாப்பதாவது வரியில வடிக்கச் சொல்லாம விட்டுட்டீங்க" என்று சொல்லக்கூடிய கண் அது. இருபத்தாறு வருஷமாக அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலும் விடுதியிலும் மூட்டை மூட்டையாகத் துணி துவைக்க ஆள் உயரத்துக்கு மெஷின் நிற்குமே, அந்த மெஷின் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது அவர்கள் தொழில். அதற்கென்று கழுகம்மாவே ஒரு சின்ன மொழியை உண்டாக்கியிருந்தாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நிரப்பு, சூடாக்கு, சுழற்று, வடி, கதவைத் திற. தண்ணீர் நிரப்பாமல் சூடாக்கக் கூடாது, வடிக்காமல் கதவைத் திறக்கக் கூடாது. பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சமாச்சாரம். ஆனால் ஆயிரத்து இருநூறு வரிக்கு நடுவே அதையெல்லாம் யார் உட்கார்ந்து பார்ப்பது? அவள்தான் பார்த்தாள். யார் எழுதினாலும் அவள் கண் பட்ட பிறகுதான் ஃபைல் மெஷினுக்குப் போகும்.

யார் என்றால், மொத்தமே இரண்டு பேர். ஒருவர் மீசை. பதினைந்து வருஷமாக இருக்கிறார். மீசையை எடுத்து எட்டு வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் முகத்தை விட்டுப் போகவில்லை. அவர் எழுதியதில் தப்பு இருந்தால் கழுகம்மா மாடிப்படியிலிருந்தே ஆரம்பித்துவிடுவாள். இன்னொருத்தி மருமகள். வேறு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவள், கல்யாணமான கையோடு, "அத்தை, நானும் உங்க கூடவே வேலை பாக்கறேனே" என்று தானாகவே வந்து சேர்ந்தாள். மூன்று வருஷம் ஆகிறது. அவள் ஃபைலையும் கழுகம்மா பார்ப்பாள், ஆனால் சத்தம் வராது. நாலாவது நாற்காலி மகனுடையது. அவன் ஒயரும் சென்சாருமாகக் கீழே ஷெட்டில்தான் எப்போதும் இருப்பான். அம்மாவும் மனைவியும் ஒரே அறையில் வேலை பார்க்கும்போது கீழே இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

போன மாசம் ஒரு விபரீதம் நடந்தது. மீசை எழுதிய ஃபைல் ஒன்று, நிரப்பு, நிரப்பு என்று இரண்டு தடவை சொல்லிவிட்டது. ஷெட்டில் சோதனைக்கு வைத்திருக்கும் மெஷினில் போட்டார்கள். அது சொன்னதைச் சொன்னபடி செய்தது. தண்ணீர் வழிந்து, ஷெட் நிறைந்து, தெருவுக்குப் போய், எதிர்வீட்டு வாசல் வரை சோப்பு நுரை மிதந்தது. "என் தப்புதான் மேடம்" என்றார் மீசை. எல்லோரும் மீசை தப்பு என்றே பேசினார்கள். அந்த ஃபைலைப் படித்துவிட்டு "அனுப்பலாம்" என்று சொன்னது யார் என்பதை ஒருத்தரும் வாய்திறந்து சொல்லவில்லை. அதுதான் கழுகம்மாவுக்கு ஆறவில்லை. இரண்டு நாள் தட்டில் போட்டதைக் கிளறிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்காரர் கண் டாக்டரிடம் போகலாமா என்று கேட்டார், வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் மருமகள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"அத்தை, நாம எழுத எழுதவே எடிட்டர் தப்பைக் கண்டுபிடிச்சுக் கோடு போடும் பாருங்க, அந்த மாதிரி நம்ம மொழிக்கும் வச்சுக்கலாமா? மத்த மொழிக்கெல்லாம் ரெடியாவே கிடைக்குது. நம்மளது உங்க தலைக்குள்ள மட்டும்தான இருக்கு. நீங்க விதியெல்லாம் சொன்னா நான் எழுதிடுவேன்."

தலைக்குள் இருப்பதை ஒருத்தி கேட்கிறாள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? நாலு நாள் காலையில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பட்டாணி உரித்துக்கொண்டே கழுகம்மா விதிகளைச் சொன்னாள். மருமகள் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே வந்தாள். மொத்தம் முப்பத்தொரு விதி. இருபத்திரண்டாவது விதி ஏன் இருக்கிறது என்று கேட்டதற்கு, "ஏன்னு மறந்துபோச்சு. ஆனா அதை மீறினா மெஷின் நின்னுடும், பார்த்திருக்கேன்" என்றாள். அதையும் அப்படியே எழுதிக்கொண்டாள் மருமகள்.

ஐந்தாம் நாள் பொது ஃபோல்டரில் ஒரு சோதனை ஃபைலைத் திறந்து காட்டினாள். கழுகம்மா "சூ" என்று தட்டுவதற்குள் அடியில் சிவப்பாக நெளிநெளியாய் ஒரு கோடு ஓடியது.

"இரும்மா, நான் இன்னும் சொல்லி முடிக்கவே இல்ல. அதுக்குள்ள குறுக்க பேசுதே."

"எழுதி நிறுத்தின பிறகு ரெண்டு செகண்ட் பொறுத்துப் பாருன்னு மாத்திடறேன் அத்தை."

மீசைக்குச் சிவப்பு ஆகாது, பார்த்தாலே பரீட்சைப் பேப்பர் ஞாபகம் வருகிறது என்றார். அவருக்கு மட்டும் கோடு ஊதாவானது. கோட்டின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் என்ன தப்பு என்று ஒரு வாசகம் வரும். அதையும் மருமகளே தமிழில் எழுதினாள். மீசைக்கு, 'அண்ணே, தண்ணி இல்லாம யாரு சூடாக்குவா?' என்று வந்தது. திரைக்கு அடியில் ஓரமாக மொத்தம் எத்தனை தப்பு என்று எண் நிற்கும். ஒன்றுமே இல்லையென்றால் எண்ணுக்குப் பதில் ஒரு பச்சை டிக்.

திங்கட்கிழமை காலை எல்லோருடைய எடிட்டரிலும் ஏற்றியாயிற்று. மீசையின் ஃபைலைத் திறந்ததும் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு. மருமகளுடையதில் பத்தொன்பது. கழுகம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் ஃபோல்டரில் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்தாள். டிக். டிக். டிக். கடைசி ஃபைல் வரை பச்சை.

அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கைக்குப் போன் போட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிற பாவனையில் ஆரம்பித்து, மூன்றாவது நிமிஷமே டிக்குக்கு வந்துவிட்டாள். மெஷின் கம்பெனியிலிருந்து பேசிய அதிகாரியிடம், அவர் கேட்காமலே சொன்னாள். போன மாசத்து நுரை நெஞ்சை விட்டு இறங்கிவிட்டது. ஏதோ ஒரு நாள் கண் அசந்துவிட்டது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் டீ குடிக்கும்போது வீட்டுக்காரரிடமும் சொன்னாள்.

அவர் ரயிலில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். "முப்பத்தஞ்சு வருஷம் பச்சைக் கொடி காட்டினவன் நான்" என்றார். "கொடிய ஆட்டறது ஒண்ணும் பெரிசில்ல. அதுக்கு முன்னாடி வண்டி முழுக்க ஒரு தடவ எட்டிப் பாக்கணும்."

"பொறாமை" என்றாள் கழுகம்மா.

வியாழக்கிழமை ஒரு புது ஃபைல் மதியம் மூன்று மணிக்குள் போக வேண்டியிருந்தது. இரண்டு தொட்டி உள்ள மெஷின், இவர்களிடம் முதல் தடவையாக வருகிறது. அதனால் கழுகம்மாவே எழுதினாள். காலையில் உட்கார்ந்து பதினொரு மணிக்குள் முக்கால்வாசி முடித்துவிட்டாள். மறுபடி மேலிருந்து பார்த்துக்கொண்டு, பதினேழாவது வரியில் ஒன்றைச் சேர்க்கலாம் என்று கையை வைத்த நேரம், கீழேயிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"கடைக்குப் போறேன். என்ன வாங்கணும்?"

"வெங்காயம் ரெண்டு கிலோ" என்று கத்தினாள்.

வாயும் கையும் சேர்ந்தே ஓடிவிட்டன. திரையைப் பார்த்தால் நிரப்புக்கும் சூடாக்குக்கும் நடுவே, பதினேழாவது வரியில் 'வெங்காயம் ரெண்டு கிலோ' என்று இருந்தது. கழுகம்மா சிரித்துக்கொண்டே அழிக்கப் போனவள், அடியில் ஓரத்தைப் பார்த்தாள். பச்சை டிக்.

இரண்டு செகண்ட் பொறுத்தாள். ஐந்து பொறுத்தாள். கோடு வரவில்லை. டிக் அசையவில்லை. மெஷின் இரண்டு கிலோ வெங்காயத்தை வாங்கி, சூடாக்கி, சுழற்றலாம் என்று எடிட்டர் மனதார ஒப்புக்கொண்டிருந்தது.

அதை அழித்துவிட்டு, நிரப்பாமலே சூடாக்கு என்று எழுதிப் பார்த்தாள். டிக். தண்ணீர் இருக்கும்போதே கதவைத் திற என்றாள். டிக். விரல் போன போக்கில் நாலு எழுத்தைத் தட்டினாள். அதற்கும் டிக். எட்டி மீசையின் திரையைப் பார்த்தாள். அங்கே ஊதாக் கோடு ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. மருமகள் சோதனைக்காக ஷெட்டுக்குப் போயிருந்தாள். கழுகம்மா சோதித்ததையெல்லாம் அழித்துவிட்டு, இந்த ஏற்பாட்டின் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தாள். திங்கட்கிழமையே திறந்து பார்த்திருக்கலாம். புகழ்ச்சியில் குளித்துக்கொண்டிருக்கிறவளுக்குக் குழாய் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தோன்றுமா?

மேலே, ரெண்டு செகண்ட். அப்புறம் மீசைக்கு ஊதா. அப்புறம் முப்பத்தொரு விதி, வரிசையாக, அவள் சொன்னபடியே. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி:

'விலக்கு: அத்தை ஃபோல்டர். எதையும் காட்ட வேண்டாம்.'

மூன்று தடவை படித்தாள். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். இங்கே மாமியார் உடைத்தது மண்சட்டிதான் என்று மருமகளே தீர்ப்பு எழுதி, உடைத்தவளுக்குச் சத்தம்கூடக் கேட்காமல் கதவைச் சாத்தியிருக்கிறாள். கழுகம்மாவுக்குக் கண் எரிந்தது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தங்கையிடம் பேசிய நாற்பது நிமிஷமும் கம்பெனி அதிகாரியிடம் அடித்துக்கொண்ட தம்பட்டமும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து காது சுட்டது.

அந்த வரியை அழித்தாள். இரண்டு செகண்ட்.

டிக் போய் எண் வந்து நின்றது. ஃபோல்டரில் எல்லா ஃபைலையும் திறந்து கூட்டினால் இருபத்திரண்டு.

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இருபத்தொன்று அவளுடைய பழைய பழக்கங்கள். மொழியை உண்டாக்கிய காலத்துச் சுருக்கெழுத்து, அவளுக்கு மட்டும் புரியும், மெஷினும் எப்படியோ அட்ஜஸ்ட் செய்துகொள்ளும். இருபத்திரண்டாவது இன்றைய ஃபைலில் இருந்தது. முன்னூற்று எட்டாவது வரி. முதல் தொட்டிக்கு எழுதியதைக் காப்பி செய்து இரண்டாவது தொட்டிக்கு ஒட்டியிருந்தாள். எல்லா வரியிலும் ஒன்றை இரண்டாக மாற்றியிருந்தாள், 'வடி' வரியைத் தவிர. முதல் தொட்டி இரண்டு தடவை வடியும். இரண்டாவது தொட்டி வடியவே வடியாது. அப்புறம் அதன் கதவு திறக்கும்.

உள்ளே எண்பது டிகிரி தண்ணீர். வெளியே துணி எடுக்க ஒரு ஆள் நிற்பார். மெஷினிலேயே ஒரு பூட்டு இருக்கிறது, அத்தனை சுலபத்தில் திறந்துவிடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பூட்டை நம்பி எழுதுகிறவள் இல்லை அவள். ஒன்றை இரண்டாக்கினாள். கோடு மறைந்தது. பிறகு ஜன்னல் வழியாக எட்டி, மருமகளை மேலே வரச் சொன்னாள்.

மருமகள் கையில் ஸ்க்ரூடிரைவரோடு வந்தாள்.

"செட்டிங்ஸ்ல விலக்குன்னு ஒரு வரி இருந்துச்சே. அதை எடுத்துட்டேன்."

மருமகள் ஸ்க்ரூடிரைவரை மேஜையில் வைத்தாள். மீசை எழுந்து, "நான் ஒரு டீ..." என்று ஆரம்பித்து, முடிக்காமலே படியிறங்கிப் போனார்.

"எத்தன வந்துச்சு அத்தை?"

"இருபத்திரெண்டு."

"அவ்ளோதானா? மொத நாள் அறுபத்திமூணு இருந்துச்சே" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இப்ப வந்ததுல ஒண்ணு இன்னிக்கு எழுதினது. அப்ப மிச்சம் நாப்பத்திரெண்டு எங்க போச்சு?"

மருமகள் மேஜையில் வைத்த ஸ்க்ரூடிரைவரை உருட்டினாள். "நீங்க மதியம் சாப்பிட இறங்குவீங்கல்ல. அப்ப தினம் கொஞ்சம் கொஞ்சமா திருத்திட்டு வந்தேன். இன்னிக்கு எழுதினதையும் அப்பத்தான் பாக்கலாம்னு இருந்தேன்."

"ஏம்மா அப்படிப் பண்ணின?"

"தண்ணி வழிஞ்ச அன்னிக்கு நீங்க ரெண்டு நாள் யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேசல. உங்களுக்கு வச்சுப் பாத்தப்ப அறுபத்திமூணுன்னு வந்ததும் எனக்குப் பயமாயிடுச்சு. ஒரு வாரம் மட்டும் மறச்சு வச்சுட்டு, எல்லாத்தையும் சரி பண்ணினப்புறம் அந்த வரிய எடுத்துடலாம்னு நெனச்சேன்."

"நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?" என்றாள் கழுகம்மா. குரல் அவள் நினைத்ததைவிட மெல்லியதாக வந்தது. "தண்ணி வழிஞ்சப்பவும் அதான். படிச்சுட்டு அனுப்பச் சொன்னது நானு. ஒருத்தர் கேக்கல. என் தப்பை எங்கிட்டச் சொல்ல ஆளில்லன்னா, நான் இங்க வேலைதான் பாக்கறேனா, இல்ல பாவம்னு உக்கார வச்சிருக்கீங்களா?"

அதுதான் விஷயம். சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, ஒரு மாசமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இதுதான் என்று.

"மன்னிச்சுக்கோங்க அத்தை. நான் பண்ணினது தப்புதான்" என்றாள் மருமகள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "ஆனா ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"நான் இங்க வந்து மூணு வருஷம் ஆகுது. என் ஃபைல்ல ஒரே ஒரு தப்பாவது நீங்க எங்கிட்டச் சொல்லிருக்கீங்களா?"

கழுகம்மா சொன்னதில்லை. மருமகள் கீழே போகிற நேரம் பார்த்து, சத்தமில்லாமல் திருத்திவிட்டு, சத்தமில்லாமல் அனுப்பிவிடுவாள். கல்யாணமான புதிதிலேயே தங்கை எச்சரித்திருந்தாள்: 'வீட்டுலயும் நீ, வேலையிலயும் நீ. ஒரு வார்த்தை கூடச் சொன்னாலும் மாமியார் கொடுமைன்னுதான் பேசுவாங்க.' அந்தப் பேருக்குப் பயந்து மூன்று வருஷம் நாக்கை அடக்கிக்கொண்டிருந்தாள். அதைத் தன் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஹிஸ்டரியில இருக்கே அத்தை. யாரு, எந்த வரிய, எத்தன மணிக்கு மாத்தினாங்கன்னு. முன்னூத்திச் சொச்சம் தடவை. பத்தொம்போதுதான் வந்துச்சுன்னு மீசை அண்ணன் என்னைப் பாராட்டினாரு. நீங்க திருத்தாம இருந்திருந்தா அவரையே தாண்டியிருப்பேன்." மருமகள் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீங்க அண்ணனைத் திட்றப்பல்லாம் எனக்குப் பொறாமையா இருக்கும். அவரை ஒரு ஆளா மதிச்சுத் திட்றீங்க. எங்கிட்ட மட்டும் எதுவுமே சொல்ல மாட்டேங்கறீங்க. இவளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டீங்களோன்னு தோணும்."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அப்ப உன் ஃபோல்டருக்கு நான் விலக்கு போட்டு மூணு வருஷம் ஆகுது" என்றாள் கழுகம்மா.

"ஆமா. உங்ககிட்டேர்ந்துதான் கத்துக்கிட்டேன்."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. சிரித்து முடிக்கையில் இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் நின்றது. கழுகம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். பிறகு திரையைத் திருப்பி முன்னூற்று எட்டாவது வரியைக் காட்டி, வெங்காயத்தில் தொடங்கி அந்த வரியில் என்ன இருந்தது என்பது வரை சொன்னாள்.

மருமகளின் முகம் மாறியது. "சரி அத்தை, மாத்திட்டீங்கல்ல. விடுங்க, பரவால்ல."

"பார்த்தியா, மறுபடியும் விலக்கு. மீசை எழுதியிருந்தா பரவால்லன்னு விட்டுருவியா?"

மருமகள் யோசித்தாள். "விடமாட்டேன்."

"அப்ப சொல்லு."

"அத்தை" என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "கொதிக்கிற தண்ணி அத்தை. காப்பி பண்ணி ஒட்டாதீங்கன்னு எங்களுக்கு எத்தன தடவ சொல்லிருக்கீங்க? ரெண்டு தொட்டின்னு தெரிஞ்சும், முடிச்சதும் மேலேர்ந்து கீழ ஒரு தடவ ஒழுங்கா படிக்க வேண்டாமா? நடுவுல போன் வந்தா எடுக்கறீங்க, மாமா கூப்பிட்டா பதில் சொல்றீங்க. எழுதறப்ப எழுதணும்." போகப்போகக் குரலுக்குத் தெம்பு வந்துவிட்டது. முன்னூற்று எட்டாவது வரியோடு நிற்கவுமில்லை. யாருக்கும் புரியாத பழைய சுருக்கெழுத்துக்குப் போய், சாப்பாட்டு மேஜையில் வைக்கும் லேப்டாப் சார்ஜருக்குப் போய், ஈரத்துண்டை நாற்காலி முதுகில் போடுவது வரைக்கும் வந்தது. டீயோடு மேலேறி வந்த மீசை, நாலாவது படியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, டீயோடு திரும்ப இறங்கிப் போனார். ஷெட்டில் மகனிடம், "மேல போகாத தம்பி" என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று அறிந்த மகன், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

கழுகம்மா தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டுக்கொண்டாள். ஈரத்துண்டு அவளுடையது இல்லை, வீட்டுக்காரருடையது. இருந்தாலும் குறுக்கே பேசவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

ஃபைல் இரண்டே முக்காலுக்குப் போயிற்று. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மேலிருந்து கீழ் வரை படித்த பிறகுதான் போயிற்று. அன்று சாயங்காலம் தங்கைக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை சொன்ன டிக் பொய் டிக் என்று கழுகம்மாவே சொல்லிவிட்டாள். தங்கை சிரித்து ஓய ஐந்து நிமிஷம் ஆயிற்று. பிறகு செட்டிங்ஸில் கடைசியாக ஒரு மாற்றம் செய்தார்கள். கழுகம்மாவின் திரையில் வரும் வாசகங்களை மருமகள் எழுத வேண்டும், மருமகளின் திரையில் வருவதைக் கழுகம்மா எழுத வேண்டும், இரண்டு பேரும் முன்கூட்டியே பார்க்கக் கூடாது. மீசை தனக்கு இருப்பதே போதும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கழுகம்மா உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஒரு ஃபைலைத் திறந்தாள். அக்கம் பக்கம் பார்த்தாள். மருமகள் தன் திரையில் மூழ்கியிருந்தாள். பதினேழாவது வரிக்குப் போய், 'வெங்காயம் ரெண்டு கிலோ' என்று தட்டிவிட்டுக் காத்திருந்தாள். இரண்டு செகண்டில் சிவப்புக் கோடு நெளிந்து ஓடியது. மவுஸை மேலே கொண்டுபோனாள்.

'அத்தை, வெங்காயத்தை மாமாகிட்ட சொல்லுங்க. இங்க தண்ணிய நிரப்புங்க.'

கழுகம்மா அதை மறுபடி மறுபடி படித்தாள். அழிக்க மனம் வரவில்லை. அடியில் டிக் இல்லை, ஒன்று என்று சிவப்பாக ஒரு எண். அந்த எண்ணைப் பார்க்க இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

"பதினேழாவது வரி அத்தை" என்றது மருமகளின் குரல், தலை திரும்பாமலே. "எவ்ளோ நேரம் அப்படியே வச்சிருப்பீங்க?"

"அழிக்கறேன், அழிக்கறேன்."

அழித்தாள். பச்சை டிக் வந்தது, இந்தத் தடவை நிஜமான டிக். கழுகம்மா நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்தக் கோடியில் இருந்த மருமகளின் திரையைப் பார்த்தாள். அங்கேயும் ஓரத்தில் பச்சை டிக்தான் இருந்தது. மொழியில் ஒரு குறையும் இல்லை. முப்பத்தொரு விதியில் எதையும் மீறவில்லை. மூன்று வருஷப் பழக்கம் தொண்டை வரை வந்து நின்றது, மருமகள் டீ குடிக்கப் போகட்டும், மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம் என்றது. அதை விழுங்கிவிட்டு வாயைத் திறந்தாள்.

"உன்னோடதுல நாப்பத்தஞ்சாவது வரி. கம்பளியத் தொண்ணூறு டிகிரியில போட்டிருக்கே. வெளிய எடுக்கறப்ப சுருங்கி பொம்மைக்குத்தான் ஆகும். மொதல்ல அதைப் பாரு."

மருமகள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"எங்க அத்தை?" என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.